சந்தியோகுமையோர் அம்மானை: ஒரு நூற்பெயர் ஆராய்ச்சி

யாழ்ப்பாணத்துத் தமிழிலக்கிய வரலாற்றைக் கற்கும் மாணவர் பெரும்பாலும் இரண்டு மேடுகளைக் கண்டு, அவற்றினிடையே கிடக்கும் பள்ளத்தை நோக்காது கடந்து செல்வர். முதலாவது மேடு ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தது. அரசகேசரியின் இரகுவமிசம் அதன் உச்சியில் விளங்குவது. மற்றையது ஒல்லாந்தர் காலத்தது. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் அந்தாதிகளும் பறாளை விநாயகர் பள்ளும் அதனைச் சேர்ந்தன. இடையே கிடப்பது போர்த்துக்கேயர் காலம். 1619இல் பிலிப்பு தெ ஒலிவேறா யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அவன் ஆணையால் இடிக்கப்பட்டது. அக்காலத்தை நாம் துயரத்தோடு நினைக்கின்றோம். நினைத்தவுடன் விரைந்து கடக்கின்றோம்.

ஆயினும் அக்காலம் நூலற்ற காலமன்று. ஞானப்பள்ளு, தொம் தியோகு முதலியாரின் ஞானானந்த புராணம், தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647இல் இயற்றிய சந்தியோகுமையோர் அம்மானை என்பன அக்காலத்தோடு இணைத்துக் கூறப்படும் கத்தோலிக்க நூல்கள். பள்ளு, புராணம், அம்மானை ஆகிய மூன்றும் தமிழர் நெடுங்காலம் கையாண்ட பிரபந்த வகைகளே. புதிய சமயம் பழைய யாப்புக்களிற் குடியேறிய வரலாற்றுக்கு இவை சான்றாவன.

இந்நூல்களைப் பற்றி நம்மவர் கூறும் முடிபுகள் இரண்டு. வென்றவனுடைய சமயத்தைப் பரப்ப எழுந்தவை இவை, ஆதலின் இலக்கியமாகா என்பது ஒன்று. தமிழ் யாப்பில் தமிழர் பாடியவை இவை, ஆதலின் ஆராயாது போற்றத்தக்கன என்பது மற்றொன்று. முன்னையது வெறுப்பிற் பிறந்தது, பின்னையது முகமன். இரண்டும் நூலைத் தொடாமலே கூறத்தக்க முடிபுகள் என்பதே அவற்றின் குற்றம்.

அம்மானையைச் செய்யுள் செய்யுளாக எடுத்து நயம் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன் பெயரை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். சந்தியோகு, மையோர், அம்மானை என்னும் மூன்று சொற்களும் மூன்று வெவ்வேறு உலகங்களிலிருந்து வந்து ஓரிடத்தில் நிற்கின்றன. அவற்றைத் தனித்தனியே பிரித்து நோக்கின், புலவர் எத்தகைய பொருளைக் கையில் எடுத்தார் என்பதும், அதனை அளக்கும் அளவுகோல் யாது என்பதும் புலனாகும்.

சந்தியோகு

சந்தியோகு என்பது பல மொழிகளைக் கடந்து வந்த எபிரேயப் பெயர். யாக்கோபு என்பதே அதன் மூலம். அது கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ஈறு திரிந்து, ஸ்பானியாவில் இயாகோ எனக் குறுகிற்று. தூயவர் எனப் பொருள்படும் அடை முன்னே வந்து ஒட்ட, சாந்தியாகோ என ஒரே சொல்லாயிற்று. அதனைப் போர்த்துக்கேயர் வாயிலிருந்து கேட்ட தமிழர் சந்தியோகு என்றனர். ஆங்கிலத்தில் ஜேம்ஸ் என வழங்குவதும் இப்பெயரே.

இவருக்குத் தமிழில் வேறு பெயர்களும் உண்டு. புரட்டஸ்தாந்தர் யாக்கோபு என்பர். கத்தோலிக்கர் யாகப்பர் என்பர், இவ்வம்மானையையும் அர்ச். யாகப்பர் அம்மானை என வழங்குவதுண்டு. பழைய கத்தோலிக்கத் தமிழ், திருத்தூதர் பெயர்களை மூவகையாகக் கையாண்டது. பவுல் என்பது இலத்தீனிற் சிறியவர் எனப் பொருள்படுதலின் அவர் சின்னப்பர் ஆனார்; யோவான் என்பது இறையருளைக் குறித்தலின் அவர் அருளப்பர் ஆனார். இவை பொருளை மொழிபெயர்த்தவை. யாகப்பர் என்பதில் ஓசை மாத்திரம் தமிழ் ஈறு பெற்று, அருளப்பருக்கு இயைந்த தமையன் பெயராயிற்று. சந்தியோகு என்பதோ அயலோசையோடு அப்படியே வந்து நிற்பது. ஒரே மனிதருக்கு யாகப்பர் என வீட்டுப் பெயரும், சந்தியோகு என வெளிநாட்டுப் பெயரும் அமைந்தமை கருதத்தக்கது. அவ்விரு பெயர்களுக்கும் பின்னால் இரண்டு வேறு உருவங்கள் நிற்பதைப் பின்னர்க் காண்போம்.

இப்பெயருக்கு உரியவர் யார்? கலிலேயாக் கடலில் மீன்பிடித்த செபெதேயுவின் மகன், யோவானின் உடன்பிறந்தார். தந்தையோடு படகிலிருந்து வலைகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த வேளையில் சகோதரர் இருவரும் அழைக்கப்பட்டனர் என மாற்கு எழுதிய சுவிசேடம் கூறுகின்றது. கூலியாட்களோடு தந்தையைப் படகில் விட்டுச் சென்றனர் என்பதனால், அவர் குடும்பம் வறியதன்று என அறிகின்றோம். குருநகர், பாசையூர், நாவாந்துறைக் கரைகளில் வலை பின்னுவோரையும் கிழிந்த வலையைத் தைப்போரையும் கண்டு வளர்ந்த நமக்கு அக்காட்சி அயலானதன்று.

பன்னிருவருள் இராயப்பர், யாகப்பர், அருளப்பர் ஆகிய மூவரே நெருங்கிய வட்டத்தினர். மலைமேல் ஆசிரியர் உருமாறியபோதும், கெத்செமனித் தோட்டத்தில் அவர் துயருற்றபோதும் உடனிருந்தோர் இம்மூவர். அவர்களுள் இராயப்பருக்குப் பேச்சு உண்டு. அருளப்பர் பேரால் நூல்கள் உண்டு. யாகப்பருக்கு இரண்டுமில்லை. புதிய ஏற்பாட்டில் அவர் வாய்திறக்கும் இடமெல்லாம் பிறரோடு சேர்ந்து பேசும் இடமே. தனித்து அவர் கூறியதாக ஒரு வாக்கியமும் இல்லை. யாக்கோபு எழுதியதென வழங்கும் நிருபமும் அப்பெயர் பூண்ட வேறொருவருடையது என்பர். அழைப்பில் முன்னவராயிருந்தும், நமக்கு அறியப்படாத திருத்தூதர் அவர்.

சகோதரர் இருவரும் சேர்ந்து பேசிய இடங்களுள் இரண்டு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. சமாரியர் ஊரொன்று தம் ஆசிரியரை ஏற்க மறுத்தபோது, வானிலிருந்து நெருப்பை வருவித்து அவ்வூரை அழிக்கலாமோ என இருவரும் கேட்டனர். ஆசிரியர் திரும்பி அவர்களைக் கடிந்து, வேறோர் ஊருக்கு நடந்தார். இஃது லூக்கா கூறுவது. பின்னர் அரசுரிமையில் வலப்பக்கமும் இடப்பக்கமும் தமக்குத் தருமாறு இருவரும் வேண்டினர். அவர் கொடுத்தது ஆசனமன்று. தாம் பருகவிருக்கும் துன்பப் பாத்திரத்திற் பங்கு. இடிமுழக்கத்தின் மக்கள் என்னும் பட்டப்பெயர் பெற்ற இவ்விருவரும் அடைந்த கல்வி இவ்விரண்டு மறுப்புகளே.

யாகப்பர் அப்பாத்திரத்தை விரைவிற் பெற்றார். கி.பி. 44ஆம் ஆண்டையொட்டி முதலாம் எரோது அக்கிரிப்பா அவரை வாளால் வெட்டுவித்தான். பன்னிருவருள் முதலில் கொலையுண்டவர் அவர். புதிய ஏற்பாடே இறப்பைக் கூறும் வேதசாட்சியான திருத்தூதரும் அவரே. ஆனால் அச்செய்திக்கு அப்போஸ்தலர் நடபடிகள் கொடுத்த இடம் ஒரு வரி. அவரை வழக்கு மன்றுக்குக் கொண்டுசென்றவன் மனந்திரும்பி, வழியில் மன்னிப்பு வேண்ட, அவனுக்கு அமைதி கூறி முத்தமிட்டார் என்றும், இருவரும் ஒருங்கே வெட்டுண்டனர் என்றும் அலெக்சாந்திரியாக் கிளெமெந்து கூறியதாக நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் எயுசேபியுசு எழுதினார். பகைவனையும் உடன்கொண்டு இறந்தவர் என்பதே ஆதிச் சபை அவரைப் பற்றிப் போற்றிய நினைவு.

மையோர்

மையோர் என்பது பெரியவர் எனப் பொருள்படும் இலத்தீன் அடை. அல்பேயுவின் மகனாகிய மற்றொரு யாகப்பர் பன்னிருவருள் இருந்தமையின், அவரைச் சிறியவர் என்றும் இவரைப் பெரியவர் என்றும் வேறுபடுத்தினர். தமிழ்ச் செவிக்கு அதன் ஈறு வானோர், இமையோர் என்பவற்றை நினைப்பூட்டுவது தற்செயலாயினும், புலவர்க்கு வாய்ப்பாகவே இருந்திருக்கும். ஆனால் இவர் உண்மையிற் பெரியவரானது கலிலேயாவிலன்று, ஸ்பானியாவிலாம்.

எருசலேமில் இறந்தவர் ஸ்பானியாவுக்கு வந்தது எங்ஙனம்? யாகப்பர் ஸ்பானியாவிற் போதித்தார் என்னும் கூற்று ஏழாம் நூற்றாண்டளவிலேயே ஏடுகளில் தோன்றுகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இரண்டாம் அல்போன்சு மன்னன் காலத்தில், கலீசியா நாட்டின் ஆயர் தெயோதெமிர் அவருடைய கல்லறையைக் கண்டெடுத்ததாக அறிவித்தார். அவ்விடமே கொம்பொஸ்தெலா நகராய் வளர்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எருசலேமுக்கும் உரோமாபுரிக்கும் அடுத்த பெரும் யாத்திரைத் தலமாக அது விளங்கிற்று. சிப்பி ஓட்டை அடையாளமாக அணிந்து யாத்திரிகர் நடந்தனர்; இன்றும் நடக்கின்றனர்.

அக்காலத்து ஸ்பானியாவின் பெரும்பகுதி முசுலிம் அரசர் ஆட்சியிலிருந்தது. வடக்கேயிருந்த கிறிஸ்தவ அரசுகளுக்குப் போரில் துணைநிற்கும் ஒரு காவலர் வேண்டியிருந்தார். 844ஆம் ஆண்டில் கிளாவிகோ என்னுமிடத்தில், முதலாம் இரமிரோ மன்னன் தோல்வியுறும் தறுவாயில், யாகப்பர் வெண்குதிரை மீது தோன்றி முசுலிம் படையை வெட்டி வீழ்த்தினார் என்னும் கதை எழுந்தது. முசுலிம்களைக் கொன்றவர் எனப் பொருள்படும் மாத்தாமோரோசு என்னும் பட்டமும் அவருக்கு வாய்த்தது.

இக்கதைக்கு ஒன்பதாம் நூற்றாண்டுச் சான்று ஒன்றும் இல்லை. அதனைத் தாங்கி நிற்பது பன்னிரண்டாம் நூற்றாண்டிற் புனையப்பட்ட ஒரு பட்டயம். அவ்வெற்றிக்கு நன்றியாக உழவர் ஆண்டுதோறும் கொம்பொஸ்தெலாக் கோயிலுக்குத் தானியம் இறுக்கவேண்டும் என அரசன் நேர்ந்ததாக அப்பட்டயம் கூறுகின்றது. நடவாத போரின் பேரால் விதிக்கப்பட்ட அவ்வரியை 1812இல் காதிசு நகரிற் கூடிய ஸ்பானிய மன்றம் நீக்கச் சட்டம் இயற்றியது. அது முற்றாக ஒழிய மேலும் இருபதாண்டு சென்றது. ஒரு புராணக் கதை யாருக்குப் பயன்பட்டது என்று வினவும் திறனாய்வாளன் இத்தானியக் கணக்கை மறத்தலாகாது.

1170இல் சந்தியாகோவின் பேரால் போர்வீரர் சங்கமொன்று ஸ்பானியாவில் நிறுவப்பட்டது. கோவாவை 1510இல் வென்ற அபோன்சோ தெ அல்புகேர்க்கு அச்சங்கத்தின் போர்த்துக்கேயக் கிளையைச் சேர்ந்தவர். போர்த்துக்கேயர் ஆசியக் கரைகளிற் படையெடுத்தபோது சந்தியாகோ என்பதே அவர்தம் போர்முழக்கமாயிற்று. மேலும் 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லும் ஸ்பானிய மன்னர் முடியின் கீழேயே இருந்தது. யாழ்ப்பாணம் வீழ்ந்த 1619ஆம் ஆண்டு அக்காலத்துள் அடங்கும். ஆகவே நம் நாட்டுக்கு இத்திருத்தூதர் வலையோடு வரவில்லை; வாளோடும் குதிரையோடும் வந்தார்.

தோமையார் மரபோடு ஒப்பிடின் வேறுபாடு விளங்கும். மூன்றாம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுந்த தோமையார் நடபடிகள், அவர் தச்சராக விற்கப்பட்டு இந்தியாவுக்கு வந்தார் என்றும், அரண்மனை கட்ட அரசன் கொடுத்த பொன்னை ஏழைகளுக்கு ஈந்தார் என்றும் கதை கூறும். அதுவும் வரலாறன்று, கதையே. ஆயினும் அடிமையாய் வந்தவர் கதைக்கும் குதிரைப்படையோடு வந்தவர் கதைக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. மயிலாப்பூரில் தோமையார் நினைவு போர்த்துக்கேயர்க்கு முன்பே வேரூன்றியிருந்தது. யாழ்ப்பாணத்தில் சந்தியோகு வென்றவருடைய மொழியில் முதலிற் கேட்ட பெயர்.

அப்பெயரோடு மற்றொரு சொல்லும் வந்தது. ஸ்பானியாவில் தம்மோடு பொருத முசுலிம்களைப் போர்த்துக்கேயர் மோரோ, மௌரோ என்றனர். அதே சொல்லை இலங்கையில் வாணிகஞ் செய்து வாழ்ந்த சோனகர்க்கும் இட்டனர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதனைத் தொடர, குடிசன மதிப்பீட்டிலும் மூர் என்பது ஓரினத்தின் பெயராயிற்று. கிளாவிகோவைக் கனவிலும் கண்டறியாத மக்கள், மாத்தாமோரோசு என்னும் பட்டத்திற் பகைவராய்க் குறிக்கப்பட்ட பெயரையே தம் பெயராகத் தாங்க நேர்ந்தது. ஒரு சமூகத்தைப் பகைவர் எனப் பெயரிட்டு நோக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் நூல்களில் மாத்திரம் படித்தவரல்லர். 1990 ஒக்ரோபரில், விடுதலைப் புலிகளின் ஆணையால், யாழ்ப்பாணச் சோனக தெருவின் மக்கள் சில மணிநேரத்துள் வீடுவாசல் விட்டு வெளியேற்றப்பட்டனர். அதற்கும் இவ்வம்மானைக்கும் தொடர்பில்லை. வெண்குதிரைக் கதையை இன்று வாசிக்கும் யாழ்ப்பாணத்தவன் அதனை மறந்து வாசித்தல் கூடாது என்பதே நாம் கூறுவது.

அம்மானை

மூன்றாவது சொல் நம்முடையது. அம்மானை மகளிர் காய்களை மேலே வீசிப் பிடித்து ஆடும் விளையாட்டு; அவ்விளையாட்டிற் பாடும் பாட்டுக்கும் அதுவே பெயர். சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையில் சோழனைப் பாடும் அம்மானை வரி உண்டு. மாணிக்கவாசகர் திருவாசகத்தில் இருபது பாடல்களால் திருவம்மானை அருளினார். கலம்பகத்தின் உறுப்புக்களுள்ளும் அம்மானை ஒன்றாயிற்று.

பிற்காலத்தில் அச்சொல் மற்றொரு பொருளும் பெற்றது. அம்மானை என்னும் விளியை இடையிடையே கொண்டு, எளிய நடையில், நெடுங்கதை கூறும் நூல்களும் அம்மானை எனப்பட்டன. பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படைத்தலைவன் இராமநாதபுரச் சேதுபதியோடு பொருத கதையைக் கூறும் இராமப்பையன் அம்மானை இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பேதுருப் புலவர் வாழ்ந்ததும் அந்நூற்றாண்டே. போரும் வீரமும் அற்புதமும் கலந்த கதையைப் பாமரர் கூடியிருந்து கேட்கச் செய்வதற்கு அக்காலத் தமிழகம் கண்ட வடிவம் அம்மானை. அதனைத் தேர்ந்தமையில் புலவருடைய மதிநுட்பம் புலனாகின்றது. காவியம் பாடியிருப்பின் கற்றோர் சிலரே கேட்டிருப்பர். அம்மானையைத் திண்ணையிலிருந்து ஒருவர் வாசிக்க ஊரார் கேட்பர்.

யாழ்ப்பாணத்தவர் செவி அத்தகைய வாசிப்புக்குப் பழகிய செவி. கோயில்களில் ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடன மரபு நம்முடையது. நம் வாழ்க்கைமுறையைக் கந்தபுராண கலாசாரம் எனப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை பெயரிட்டழைத்தது அதனாலேயே. ஆகவே, வேலேந்திய வீரன் ஒருவன் கதையைக் கேட்டு வளர்ந்த மக்கள் நடுவே, வாளேந்திய மற்றொரு வீரன் கதை பாடப்பட்டது. அவ்வேலனுடைய கோயில் இடிக்கப்பட்டு இருபத்தாறாண்டு சென்ற பின்னர் அது நிகழ்ந்தது என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

இவ்விரு வீரரையும் ஒப்பிடுதல் தகும். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் முருகன் போருக்கு முன் வீரவாகு தேவரைத் தூதனுப்புகின்றான். போர்முடிவில் மாமரமாகி நின்ற சூரபன்மன் வேலாற் பிளவுண்டு மயிலும் சேவலும் ஆகின்றான். ஒன்று ஊர்தியாகவும் ஒன்று கொடியாகவும் அமைகின்றன. பகைவனை வழிபடுவோன் கண்முன் நிற்கும்படி ஏற்றுக்கொள்வதே அக்கதையின் முடிபு. மாத்தாமோரோசு வடிவத்திலோ குதிரையின் குளம்பின் கீழே வெட்டுண்ட தலைகள் கிடக்கின்றன, அவற்றுக்கு மீட்சியில்லை. கொம்பொஸ்தெலாப் பெருங்கோயிலில் இத்தகைய சிலையொன்றின் அடியிலுள்ள உருவங்களை மலர்களால் மறைத்து வைப்பர். 2004இல் அச்சிலையை அகற்றுவதாகக் கோயிலார் அறிவித்து, எதிர்ப்பெழவே அதனைக் கைவிட்டனர். அவ்வடிவம் அதனைப் போற்றுவோர்க்கே இடர்ப்பாடாயிற்று.

இவ்வொப்பீட்டோடு நின்றுவிடின் நாம் நம்மைப் புகழ்ந்தவராவோம், திறனாய்வு செய்தவராகோம். சூரனுக்கு மயிலுருவம் கிடைத்தது. அவன் பொருட்டு மடிந்த அசுர சேனைக்கு அது கிடைக்கவில்லை. இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டும் உண்டு. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணம் கூறுகின்றது; அது நடந்ததாகக் கூறப்படும் ஏழாம் நூற்றாண்டில் அதற்குச் சான்று காண்பதரிது. கிளாவிகோக் கதைக்கு ஆவணம் புனையப்பட்டதும் அப்பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே. இரு தேசத்தாரும் நடந்ததெனத் துணிதற்கரிய கொலைகளைத் தம் அடியார் பெருமையாகப் பாடினர். இதனை ஒப்புக்கொள்ளும் துணிவுடையவனே பேதுருப் புலவரின் அம்மானையைக் குறைகூறும் உரிமையுடையவன்.

முடிபு

அவ்வாறாயின் அளவுகோல் யாது? அது நம் சமயமன்று, போர்த்துக்கேயர் கொடுமையுமன்று. புலவர் தாம் பாடிய மனிதரின் முதல் வரலாறே அளவுகோல். நெருப்பை வருவிக்க வேண்டியபோது கடியப்பட்டவர் யாகப்பர். அவரையே நெருப்பாக்கி ஊர்மேல் ஏவியது மாத்தாமோரோசுக் கதை. ஆசிரியர் மறுத்ததை அடியார் பிற்காலத்தில் அவருக்கே கொடுத்தனர். பெரியவர் ஆசனம் வேண்டிப் பெறாதவர்க்கு மையோர் என்னும் பட்டமும் பேராலயமும் தானிய வரியும் வந்து சேர்ந்தன. இம்முரண்பாட்டை உணர்ந்து பாடினால் நூல் உயரும். உணராது வெற்றிக்களிப்பிற் பாடினால் எத்துணை இனிய அம்மானையாயினும் தாழும். யாகப்பரை விரும்பும் அடிகள் எவை, சந்தியாகோவின் வாளை விரும்பும் அடிகள் எவை என வேறுபிரித்துக் காண்பதே இந்நூலை வாசிக்கும் மாணவன் செய்யத்தக்க திறனாய்வு. அதனைச் செய்யக் கிறிஸ்தவனாயிருத்தல் வேண்டியதில்லை, நேர்மையுடையவனாயிருத்தல் வேண்டும்.

புலவரை வென்றவருடைய ஏவலாளர் எனத் தள்ளுவோர் வரலாற்றின் அடுத்த ஏட்டைப் புரட்டுதல் நன்று. அம்மானை எழுந்து பதினோராண்டில், 1658இல், ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர். அச்சமய வழிபாடு தடைசெய்யப்பட்டது. சந்தியாகோவின் பேர்சொல்லிப் போர்செய்த படை கப்பலேறிப் போயிற்று. அவரைப் பாடிய தமிழர் இங்கேயே இருந்தனர். 1687இல் யோசேப்பு வாசு அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தபோது, அவரைச் சில்லாலையில் மறைத்துக் காத்தவர் அத்தகைய மக்களே. இடிக்கப்பட்ட கோயில்களின் அடியாரும் அதே ஒல்லாந்தர் ஆட்சியில் தம் வழிபாட்டை மறைத்தே நடத்தினர். நல்லூர்க் கோயில் மீண்டும் எழப் பதினெட்டாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. வென்றவரின் காவலர் எனக் கொண்டுவரப்பட்டவர், இவ்வாறு ஒடுக்கப்பட்டவரின் துணையாக மாறினார். குதிரையும் வாளும் பயன்படாத காலத்தில் அம்மக்களிடம் எஞ்சியவர் வலைஞராகிய யாகப்பரே எனலாம்.

இவ்வம்மானையோடு தொடர்புடைய தலம் கிளாலி. பச்சிலைப்பள்ளிப் பகுதியிற் கடனீரேரிக் கரையில் யாகப்பருக்கு அங்கே ஆலயம் உண்டு. 1990களின் முற்பகுதியில் தரைவழி அடைபட்டபோது, குடாநாட்டு மக்கள் இருளிற் படகேறி வன்னிக் கரைக்குக் கடந்த துறையும் அக்கிளாலியே. சைவரும் கிறிஸ்தவரும் ஒரே படகில் அமர்ந்து சென்றனர்; சுடப்பட்டு நீரில் இறந்தோரும் உளர். அக்கரையில் நிற்கும் திருத்தூதரை நினைப்போர்க்கு எவ்வுருவம் பொருந்தும்? வெண்குதிரை மீது வாளோங்கி நிற்பதா, படகிலிருந்து கிழிந்த வலையைத் தைப்பதா? விடை கூறுதல் அரிதன்று.

சந்தியோகு என்பது வழக்கு. மையோர் என்பது பட்டம். அம்மானை என்பது விளையாட்டாய்ப் பிறந்த பாட்டு. ஓரூரை அழிக்க நெருப்புக் கேட்டு மறுக்கப்பட்ட ஒருவர் வரலாறு இம்மூன்றின் அடியிலும் கிடக்கின்றது. நம் இலக்கிய வரலாற்றின் பள்ளமெனக் கருதிக் கடந்துபோன இடத்தில், நம்மையும் பிறரையும் ஒருங்கே அளக்கும் கோல் ஒன்று கிடக்கக் காண்கின்றோம். மாணவர் அதனைக் கையில் எடுத்து, முதலில் நம் நூல்களையும், பின்னர்ப் பிறர் நூல்களையும் அளந்து பார்ப்பாராக.